காயலாங்கடைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

கவரைப்பேட்டை என்ற பெயரை நாடு முழுவதும் கேட்டது 2024 அக்டோபர் 11ஆம் தேதி இரவில். மைசூரிலிருந்து தர்பங்காவுக்குப் போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ், மெயின் லைனில் போகப் பச்சை விளக்கு கிடைத்தும் லூப் லைனுக்குள் திரும்பி, அங்கே நின்றிருந்த சரக்கு ரயிலின் பின்னால் மோதியது. பெட்டிகள் தடம்புரண்டு ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன, தீயும் பிடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த ரயிலில் ஓர் உயிர்கூடப் போகாமல் தப்பியதைச் சுற்றுவட்டார மக்கள் இன்றும் வியப்போடு பேசுகிறார்கள். ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை முடிந்தபோது தெரிந்தது இது: தடம் மாறும் இடத்தில் இருந்த உதிரிபாகங்களை யாரோ வலிந்து கழற்றியிருக்கிறார்கள். விபத்து 'நாசவேலை' என்று வகைப்படுத்தப்பட்டது.

ஒரு போல்ட், ஒரு நட். எடைக்குப் போட்டால் ஒரு டீக்குக்கூடக் காசு தேறாது. அதைக் கழற்றியது யார், எதற்காக என்பதைக் காவல்துறையும் நீதிமன்றமும்தான் சொல்ல வேண்டும். பழைய இரும்பு வியாபாரத்தின் தலையில் அந்தப் பழியைக் கட்ட எந்த ஆதாரமும் இல்லை. ஆனாலும் அந்த இரவு இந்தப் பகுதிக்கு முன் ஒரு கேள்வியை வைத்துவிட்டது. ரயில்வேயின் இரும்போ, மின்மாற்றியின் செம்புச் சுருளோ, சாக்கடை மூடியோ, பாலத்தின் கைப்பிடிக் குழாயோ ஒரு சாக்கில் கட்டப்பட்டு ஏதோ ஒரு தராசில் ஏறினால், அது அந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

இன்றைக்கு இதற்கு நேர்மையான பதில், ஒருவருக்கும் தெரியாது என்பதே. கவரைப்பேட்டை மாதிரி ஊர்களின் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது கேமரா, ரோந்து, தெருவிளக்கு என்று பேச்சு போகிறது. அவை வேண்டியவைதான். ஆனால் ஊரின் பழைய பொருள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போகிறது என்ற கணக்கு இல்லாதவரை, பாதுகாப்பின் பாதி இருட்டிலேயே இருக்கிறது.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் புறநகர் ரயிலில் மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி கடந்தால் கவரைப்பேட்டை, அடுத்தது கும்மிடிப்பூண்டி. ஒரு பக்கம் கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் ரயில் பாதை, வடக்கே சிறிது தூரத்தில் ஆந்திர எல்லை. பொறியியல் கல்லூரிகள், வாடகை அறைகள், வட மாநிலத் தொழிலாளர் தங்கும் வரிசை வீடுகள் எல்லாம் வந்துவிட்டன. ஊர் நகரமாகிவிட்டது, நிர்வாகம் இன்னும் கிராம ஊராட்சிதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் உலைகள் இருக்கின்றன, ஈயத்தை மீட்கும் ஆலைகள் இருக்கின்றன, அபாயகரமான தொழிற்கழிவைப் புதைக்கும் வளாகமும் அங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் தூக்கி எறிந்த இரும்பும் பேட்டரியும் கடைசியில் வந்துசேரும் வாசல்களில் இதுவும் ஒன்று.

அந்த வாசலில் ஓரளவு காவல் இருக்கிறது. உலை வைத்திருப்பவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வாங்க வேண்டும், புகைபோக்கியில் அளவுமானி வைக்க வேண்டும், எடைமேடைச் சீட்டும் ஜிஎஸ்டி பில்லும் வைத்திருக்க வேண்டும். இவை எல்லாம் ஒழுங்காக நடக்கின்றனவா என்பது தனி விவாதம். விதி என்று ஒன்று இருக்கிறது. சங்கிலியின் மறுமுனையிலோ சாக்குப்பை தூக்கித் தெருத்தெருவாக நடக்கும் பெண்ணும், மூன்று சக்கர வண்டிக்காரரும், நெடுஞ்சாலையோரம் தகரம் போட்ட சிறு கடையும் எந்த ஏட்டிலும் இல்லை.

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போன வண்டிக்காரரை நடுவயது தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அவர் தராசில் ஏறியவை ஓட்டை வாளி, உடைந்த பூட்டு, துருப்பிடித்த அரிவாள்மணை. அவற்றால் யாருக்கும் ஆபத்து இல்லை. இன்று அதே தராசில் ஏறுவது இன்வெர்ட்டர் பேட்டரி, செல்போன், கம்ப்யூட்டர் மானிட்டர், ஃபிரிட்ஜின் கம்ப்ரஸர், ஆலையிலிருந்து வந்த ரசாயன டிரம். பொருள் மாறிவிட்டது, தராசு பிடிக்கும் முறை மாறவில்லை. ஆபத்து முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது.

பேட்டரியையே எடுத்துக்கொள்ளலாம். 2008க்குப் பிறகு சில ஆண்டுகள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டில் நடுத்தர வீடுகளுக்குள் இன்வெர்ட்டர் நுழைந்தது. அதற்குரிய பேட்டரி பலவும் ஐம்பது கிலோ அளவுக்குக் கனக்கும். எடையில் சுமார் அறுபது சதவீதம் ஈயம். ஈயம் உருக 327 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். இரும்பை உருக்கப் பெரிய உலை வேண்டும். ஈயத்தை உருக்க ஒரு வாணலியும் கரி அடுப்பும் ஊதுகுழலும் போதும். அதனால்தான் இந்த வேலை சட்டத்துக்கு வெளியே, மரத்தடியிலும் தோப்புக்குள்ளும், நடப்பது இவ்வளவு எளிதாக இருக்கிறது. பேட்டரியை உடைத்து ஆசிட்டை வாய்க்காலில் கொட்டுவார்கள். பிளேட்டை மட்டும் எடுத்து உருக்குவார்கள். ஆசிட்டோடு ஈயமும் மண்ணில் இறங்கும். புகை காற்றில் போய் அடுத்த வீட்டு மாடியில், காயப்போட்ட துணியில், குழந்தை தவழும் திண்ணையில் தூளாக உட்காரும்.

இத்தனை அளவு ஈயம் வரை பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடலுக்குள் போகும் ஈயத்தைக் குழந்தையின் உடல், பெரியவர் உடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும். பாதிப்பு காய்ச்சலாகவோ கட்டியாகவோ தெரியாது. படிப்பில் கவனம் நிற்காது, கோபம் அதிகமாகும், அறிவுத்திறன் குறையும். பள்ளிக்கூடம் அந்தப் பிள்ளையை 'மக்கு' என்று சொல்லி முடித்துவிடும். யுனிசெஃப் 2020இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் சுமார் 27.5 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஐந்து மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. அந்த அளவைத் தாண்டினால் ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோய் சூர் மெர் பகுதியில் நடந்ததைத் தமிழ்நாட்டின் தொழிற்பேட்டை ஊர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பல ஆண்டுகளாகப் பேட்டரி உடைத்துவந்தார்கள். ஈயத்தின் விலை ஏறியதும், கலங்கிய மண்ணையே வீட்டுக்கு மூட்டைகட்டிக் கொண்டுபோய்ச் சலித்து ஈயம் எடுத்தார்கள் பெண்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தன. முதலில் காரணமே யாருக்கும் பிடிபடவில்லை. அந்தப் பெண்கள் குற்றவாளிகள் அல்லர். நாலு காசுக்கு நாள் முழுவதும் மண் சலித்த தாய்மார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் அங்கே நடந்த குற்றம்.

சொல்லாமல் விட்டதன் விலையை இந்தியாவும் கொடுத்திருக்கிறது. 2010இல் டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை, 1980களிலிருந்து பயன்படுத்தாமல் கிடந்த ஒரு கருவியை ஏலத்தில் விற்றது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். கருவி டெல்லியின் மாயாபுரி காயலாங்கடைகளுக்குப் போனது. கோபால்ட்டைச் சுற்றியிருந்த ஈயக் கவசத்துக்கு நல்ல விலை என்பதால் கடைக்காரர்கள் அதை அறுத்துப் பிரித்தார்கள். பலர் கதிர்வீச்சால் மருத்துவமனையில் கிடந்தார்கள், ஒரு தொழிலாளி இறந்தார். நாட்டின் தலைசிறந்த பல்கலைக்கழகம் ஒன்று ஒப்படைத்த பொருளில் என்ன இருக்கிறது என்று, அதைக் கையால் தொடப்போகிறவரிடம் சொல்ல ஒருவர்கூட இல்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான், இந்தியாவில் உருக்கிய எஃகில் செய்த லிப்ட் பொத்தான்களில் இதே கோபால்ட்-60 இருப்பது பிரான்ஸில் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது.

உலைத் தொழிலாளிக்கு வேறு விதமான ஆபத்து. வாய் மூடிய உருளை, தண்ணீர் தங்கிய குழாய், காலி என்று நினைத்த சிலிண்டர், இவற்றில் ஏதாவது ஒன்று உருகிய இரும்புக்குள் விழுந்தால் வெடிக்கும். 2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத் எஃகு ஆலை ஒன்றில், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான போர்க்களக் கழிவில் கலந்திருந்த வெடிகுண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் துண்டாக்காத பழைய இரும்பை ஏற்றுமுன் சோதிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இறுகியது. கப்பலில் வருவதற்குச் சோதனை வந்தது. கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மினி லாரியில் போகும் லோடுக்கு என்ன சோதனை என்று கேட்டால் பதில் இல்லை.

லித்தியம் பேட்டரி இதில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வில்லங்கம். பழைய செல்போன், பவர்பேங்க், மின் ஸ்கூட்டர் பேட்டரி ஆகியவை நசுங்கினால் தானே தீப்பிடிக்கும். குப்பைவண்டியிலும் கிடங்கிலும் காகிதத்தோடும் பிளாஸ்டிக்கோடும் அவை கலந்து கிடக்கின்றன. குப்பை மேடு பற்றிக்கொண்டால் அணைப்பது எவ்வளவு கடினம் என்பதை 2022 ஏப்ரலில் பெருங்குடியும் 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரமும் காட்டின. பிரம்மபுரத்தின் புகை கிட்டத்தட்ட இரண்டு வாரம் நகரத்தை மூடியிருந்தது.

இத்தனையும் பொருளால் வரும் ஆபத்து. மனிதரைப் பற்றிய ஆபத்து ஒன்றும் இருக்கிறது, அதைப் பேசத் தயங்கக் கூடாது. சாக்குப்பையோடு அதிகாலையில் தெருவுக்குள் வரும் ஆள்மீது விழும் முதல் பார்வை சந்தேகப் பார்வை. நாய் குரைக்கும், வீட்டுக்காரர் அதட்டுவார், திருட்டு நடந்த மறுநாள் போலீஸ் முதலில் அவரையே பிடிக்கும். பல குடியிருப்புகளின் பாதுகாப்புக் கூட்டங்களில் 'குப்பை பொறுக்குபவர்களை உள்ளே விடக் கூடாது' என்பதே முதல் தீர்மானம். இந்தச் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2018 மே மாதம், குழந்தை கடத்துபவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் அடையாளம் தெரியாத ஒரு மனிதரை ஒரு கும்பல் அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றார்கள்.

பழவேற்காட்டில் இறந்தவரை ஊரில் யாருக்கும் தெரியாது. அவர் செய்த ஒரே தவறு அதுதான். முகம் தெரியாதவராக இருப்பதே உயிருக்கு ஆபத்தாகிவிட்ட ஊரில், முகம் தெரியாமல் வேலை செய்தே ஆக வேண்டிய தொழில் குப்பை சேகரிப்பு. இருளர் குடும்பங்கள், கணவனை இழந்த பெண்கள், ஆலை வேலை போன வட மாநில இளைஞர்கள் என்று வேறு பிழைப்பு கிடைக்காதவர்கள் வந்துசேரும் தொழிலும் இது. அவர்களைத் தெருவைவிட்டு விரட்டினால் தெரு பாதுகாப்பாகாது. அந்த வேலை இரவுக்கு நகரும். பொருள் இன்னும் ஆழமான இருட்டுக்குப் போகும்.

புனே நகரம் இதற்கு வேறு வழி கண்டது. காகிதமும் கண்ணாடியும் பொறுக்கிய பெண்கள் 1993இல் 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற சங்கமாகத் திரண்டார்கள். 1990களின் நடுவிலேயே மாநகராட்சி ஒப்புதலோடு அவர்கள் கழுத்தில் அடையாள அட்டை ஏறியது. 2008இல் 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடுவீடாகக் குப்பை வாங்கத் தொடங்கியது. குப்பைமேட்டில் குனிந்த அதே பெண், வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆளானார். பெங்களூரின் ஹசிரு தளா அமைப்பும் இதே பாதையில் போனது. தினமும் ஒரே தெருவுக்கு வரும், பெயர் தெரிந்த, அட்டை அணிந்த பெண் ஊருக்கு வெறும் துப்புரவுப் பணியாளர் மட்டுமில்லை. எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எந்த முதியவர் இரண்டு நாளாக வெளியே வரவில்லை, எந்தக் கொட்டகையில் புதிதாகப் புகை வருகிறது என்று முதலில் கவனிப்பவர் அவர். கம்பத்தில் மாட்டும் கேமராவுக்கு 'மூன்றாவது கண்' என்று பெயர் வைத்த காவல்துறை, இந்தக் கண்ணையும் கணக்கில் சேர்க்கலாம்.

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. ரயில்வே பொருள் ஒருவரிடம் இருந்து, அது திருடப்பட்டது என்ற நியாயமான சந்தேகமும் எழுந்தால், எப்படி வந்தது என்று அவரே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1966ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டம். திருட்டுப் பொருளை வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவில் குற்றம். பழைய பொருள் வியாபாரிகளுக்கும் மெக்கானிக் பட்டறைகளுக்கும் உரிமம் வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 1985இலேயே தனிச் சட்டம் இயற்றியது. பழைய ஈயப் பேட்டரியைத் திரும்ப வாங்கும் பொறுப்பைத் தயாரிப்பவர்மேலும் விற்பவர்மேலும் சுமத்திய விதி 2001இல் வந்தது. 2022இல் தயாரிப்பாளரின் அந்தப் பொறுப்பு எல்லா வகைப் பேட்டரிக்கும் நீண்டது. 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகள் குப்பை சேகரிப்போரை அங்கீகரிக்கச் சொல்லியிருந்தன, ஆனால் அவை நகரங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நகரமாகிவிட்டும் ஊராட்சியாகவே நிற்கும் கவரைப்பேட்டை போன்ற ஊர்கள் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரிய புதிய விதிகள் குப்பையை நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. வீட்டில் நான்காகப் பிரித்தது, கடைக்குப் போனதும் ஒரே குவியலாகிவிட்டால் பயன் என்ன?

உரிமம் என்றதும் வியாபாரிகள் சொல்லும் எதிர்வாதத்தை அலட்சியம் செய்யக் கூடாது. 'இன்னொரு உரிமம் வந்தால் இன்னொரு மாமூல் வரும்' என்கிறார்கள். அது அனுபவத்தில் சொல்வது. ஆலைக் கழிவை எடுக்கும் ஒப்பந்தத்துக்காக ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நடந்த மிரட்டலையும் வெட்டுக்குத்தையும் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழிலில் பணமும் அதிகாரமும் எப்படிக் கைகோக்கும் என்பது தெரியும். கடும் உரிமமும் கனத்த கட்டணமும் வைத்தால் சிறு கடைகள் சாகும், பெரிய கைகள் மட்டும் நிற்கும். ஆகவே முதல் படி பதிவாக இருக்க வேண்டும்: கட்டணம் இல்லாமல், ஊராட்சி அலுவலகத்திலேயே, ஒரே நாளில் முடிகிற பதிவு. கடையில் ஒரு நோட்டு. தேதி, கொண்டுவந்தவர் பெயர், பொருள், எடை. பேட்டரி, செம்புக் கம்பி, ரயில்வே அல்லது மின்வாரிய முத்திரை உள்ள எந்தப் பொருள், மூடிய சிலிண்டர், ஆலை டிரம் ஆகியவற்றுக்கு மட்டும் இந்த நோட்டு கட்டாயம் என்று தொடங்கினாலே போதும். பழைய பேப்பருக்கும் ஓட்டை வாளிக்கும் யாரும் கணக்குக் கேட்க வேண்டாம்.

பேட்டரி வீட்டிலிருந்து நேராக அனுமதி பெற்ற ஆலைக்குப் போக வழி செய்வதும் கடினமில்லை. புதிய பேட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் விலை குறைக்கும் வழக்கம் எல்லாக் கடையிலும் உண்டு. மக்கள் பழையதைக் காயலாங்கடையில் போடுவது அங்கே கூட நூறு ரூபாய் கிடைத்தால்தான். மாதம் ஒரு நாள் ஊராட்சி மைதானத்தில் பேட்டரி, செல்போன், டியூப்லைட், பெயின்ட் டப்பா ஆகியவற்றை நியாயமான எடை விலைக்கு வாங்கும் ஏற்பாட்டைத் தயாரிப்பு நிறுவனங்களின் சட்டப் பொறுப்போடு இணைத்து நடத்தலாம். உருக்குமிடம் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கும்போது, பொருள் சில கிலோமீட்டர் நேர்வழியில் போவதற்குப் பதில் தோப்பு வழியாகச் சுற்றிப் போக வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் கல்லூரிகள் பக்கத்திலேயே உள்ளன. அவற்றின் பழைய கம்ப்யூட்டர்களும் ஆய்வகக் கழிவும் யாரிடம் போகின்றன என்று அந்த நிர்வாகங்களே வெளியிடலாம்.

கடை இருக்கும் இடமும் பேசப்பட வேண்டும். அங்கன்வாடிக்கு அடுத்த மனையில் கம்பி எரிப்பதையும், மின்கம்பத்தின் கீழ் டயர் அடுக்குவதையும் ஊர் பொறுத்துக்கொள்வது இனி கூடாது. ஆனால் கடையைக் காலி செய் என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. ஊராட்சிப் பொது நிலத்தில் தளம் போட்டு, கூரை வேய்ந்து, மணல் வாளியும் தண்ணீரும் வைத்து, சிறு வாடகைக்குக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். செம்புக் கம்பியின் மேலுறையை எரிக்காமல் உரிக்கும் சிறு இயந்திரம் ஒன்றை அந்தக் கொட்டகையில் பொதுவில் வைத்தால், பிளாஸ்டிக் எரியும் நச்சுப்புகைக்கு வேலை இருக்காது. பேட்டரி உடைக்கும் பையனின் இரத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையம் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்கு அனுப்பினால், இந்த வட்டாரத்தில் ஈயம் எங்கே இருக்கிறது என்ற வரைபடம் தானாகக் கிடைத்துவிடும்.

இவற்றை யார் செய்வது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளில் 2019 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கும் அதிகாரி ஒருவரிடம் தெருமுனைக் காயலாங்கடையின் விவரத்தை எதிர்பார்ப்பது கடினம். விவரம் தெரிந்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்: தினமும் பேட்டரி வண்டியோடு தெருவில் இறங்கும் தூய்மைக் காவலர்கள். எந்தக் கடை என்ன வாங்குகிறது, எந்தச் சந்தில் ராத்திரி புகை வருகிறது என்பதை அவர்களைக் கேட்டால் ஒரே மாலையில் பட்டியல் தயாராகிவிடும். தேர்தலுக்காகக் காத்திருக்க வேண்டிய வேலை இல்லை இது. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் தூய்மைக் காவலர்களையும் பழைய பொருள் கடைக்காரர்களையும் குப்பை பொறுக்கும் பெண்களையும் முன்வரிசையில் உட்காரவைத்து, ரயில்வே பாதுகாப்புப் படையிலிருந்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்தும் ஆளுக்கொருவரை வரச்சொல்லி, ஊரில் மொத்தம் எத்தனை கடைகள், எத்தனை பேர் சேகரிக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை பேட்டரி வருகிறது என்ற மூன்று எண்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம்.